எல்லோர் முன்னிலையிலும் கேட்ட மன்னிப்பு

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான் நேரிற் கண்டதையே இங்கு எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்திலே பிறந்தவர். இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் தகப்பனாருக்குக் குடியேற்றக் காணி கிடைத்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது. காடு வெட்டிய முதல் இரண்டு வருடமும் மலேரியாவால் வீட்டில் ஒருவர் மாறி ஒருவர் படுத்தோம். அக்கா படிப்பை விடவில்லை. பின்னர் எங்கள் ஊர்ப் பாடசாலையிலேயே ஆசிரியையானார்.

சனிக்கிழமைகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் நோயாளர் வீடுகளுக்கும் போவார். தண்ணீர் அள்ளிக் கொடுப்பார்கள், முற்றம் கூட்டுவார்கள், துணி தோய்ப்பார்கள். பொய் சொல்லாத பிள்ளைதான் பிறர் வீட்டுக்குள் போகலாம் என்பது அக்காவின் விதி.

ஒருமுறை, பிள்ளை பெற்றிருந்த ஒரு தாய்க்கென எங்கள் குசினி அடுப்படியில் வைத்திருந்த பால்மாத் தகரப் பேணி காணாமற்போயிற்று. கடைசியாகக் குசினிக்குள் போனவள் பவளம் என்னும் மாணவி. நீ எடுத்தாயா என்று அக்கா மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளைக் கேட்டுவிட்டார். “நான் எடுக்கேல்லை, ரீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பவளம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அம்மா அலுமாரியின் மேலிருந்து பேணியை எடுத்தார். எறும்புக்குப் பயந்து தாமே அங்கே வைத்துவிட்டு மறந்திருந்தார்.

“பிள்ளையைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லு. படிப்பிக்கிற உனக்கு மரியாதை இருக்கெல்லோ” என்றார் அம்மா.

“எல்லாருக்கும் முன்னாலதானேயம்மா கேட்டனான்.”

அன்றே அக்காவும் நானும் பவளத்தின் வீட்டுக்குப் போனோம். தாயார் வேலிப் படலையைத் திறக்கவில்லை.

“கள்ளியாக்கிப்போட்டு இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள், ரீச்சர்?”

“பிழை என்ர. சனிக்கிழமை ஒருக்கா மட்டும் பிள்ளையை அனுப்புங்கோ. எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும்.”

சனிக்கிழமை பவளம் தாயாருடன் வந்தாள். அக்கா பிள்ளைகளின் நடுவே எழுந்து நின்றார். “பவளம் களவெடுக்கேல்லை. விசாரியாமல் கதைச்சது நான். என்னை மன்னிக்கவேணும், பிள்ளை.” பவளம் மற்றப் பிள்ளைகளோடு தண்ணீர் அள்ளப் போனாள். அக்காவோடு அவள் பழையபடி பேசச் சில மாதங்கள் சென்றன. அதன்பின் எந்தப் பிள்ளையையும் அக்கா பலர் முன்னால் விசாரித்ததில்லை.

சென்ற ஆண்டு தைபொயிட் எனும் நெருப்புக்காய்ச்சல் பத்தொன்பது நாட்களில் அவரைக் கொண்டுபோயிற்று. தமது வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற அயலவருக்கும், அங்கே இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், செத்தவீட்டு நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்தோருக்கும் எம் குடும்பத்தின் நன்றி.

அக்காவின் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கும் நன்றி சொல்லவேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறு சனிக்கிழமை, ஒருவரும் அழைக்காமலே அவர்கள் வந்து, “இண்டைக்கு எந்த வீட்டை போறது?” என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தார்.

— தங்கை