சித்தி வேனுக்கு மாற்று மூளை

சித்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளுக்கு, வேன் படுத்த நான்கே நாளில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். மழைத்தண்ணீர் புகுந்து, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது. "வித்துத் தொலை" என்றார் மெக்கானிக். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் வேறு வேன் வைத்துக்கொள்வோம் என்று பெற்றோர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சித்தி பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி வேனின் கம்ப்யூட்டரை வாங்கி வந்து, ஞாயிறு காலையில் வீட்டு வாசலிலேயே களத்தில் இறங்கினாள்.

சித்தப்பா தையல்காரர். உதவுகிறேன் பேர்வழி என்று, கழற்றிய திருகுகளை யாரோ தைக்கக் கொடுத்த கால்சட்டையின் பைகளில் போட்டு வைத்தார். பேட்டரி ஒயரைக் கைக்குட்டையால் பிடித்துக் கழற்றினார்.

"ஏங்க, அது பாம்பு இல்ல."

"கடிச்சா ரெண்டும் ஒண்ணுதான்."

டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்த சித்தி, பழையதை உருவிப் புதியதை மாட்டினாள். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருகினாள். இன்ஜின் பிடித்தது! நாங்கள் கைதட்டினோம். இரண்டு நொடியில் நின்றுவிட்டது. மறுபடி திருகினாள், மறுபடி இரண்டே நொடி. ஒன்பது தடவை கைதட்டினோம், எங்களுக்கும் வெட்கமில்லை.

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "சாவிடீ! இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழைய வண்டியோட சாவியத்தான் தெரியும். நம்ம சாவியத் திருடன்னு நெனச்சு நிறுத்துது."

சைக்கிளில் பறந்தேன். இரும்புக் கடைக்காரர் அந்தச் சாவியால்தான் காது குடைந்துகொண்டிருந்தார். பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். அது எங்கள் பூட்டில் நுழையவே இல்லை. சித்தி அசரவில்லை. தையல் பிரிக்கும் கத்தியால் அதன் பிளாஸ்டிக் தலையைப் பிளந்து, உள்ளே இருந்த, சாவியை வண்டிக்கு அடையாளம் காட்டும் அரிசி அளவு சில்லை எடுத்து, எங்கள் சாவியில் இருந்ததற்குப் பதிலாக வைத்து ஒட்டினாள். திருகினாள்.

இரண்டு நொடி. மூன்று. பத்து! சித்தப்பா சித்தியைத் தூக்கிச் சுற்றியதில் அவர் தோளில் கிடந்த கால்சட்டையிலிருந்து திருகுகள் கொட்டின.

"ஏறுங்க எல்லாரும்!"

இன்ஜினை அணைக்கச் சித்திக்குப் பயம். டாஷ்போர்டு மூடிகூட இல்லாமல் கிளம்பி, பதினாலு பிள்ளைகளின் வீட்டு வாசலிலும் ஹார்ன் அடித்து, "நாளைக்கு ஏழரைக்கு ரெடியா இருங்க!" என்று கத்திக்கொண்டே போனோம். கடைசி வீட்டுக் குட்டி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து, தன் ஜன்னல் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இன்னைக்கு ஸ்கூல் இல்லடி தங்கம்."

"தெரியும் ஆன்ட்டி. சும்மா உக்காந்திருக்கேன்."

அவளுடைய அம்மா காதில் போனோடு வாசலுக்கு வந்தார். எதிர்முனையில் வேறு வேன்காரர்.

"இல்லங்க, நீங்க நாளைக்கு வர வேணாம்," என்றார். "எங்க வண்டி வந்துடுச்சு."