துணியோடு வந்த வானம்

இத்தாலியில், லிபெர்த்தா வீதி வீடொன்றில் நான் பராமரித்த வயதான சின்யோரா கட்டிலை விட்டு எழும்பமாட்டார். எதிர்ச்சுவரில் ஒரு பழைய நீர்வண்ண ஓவியம். பலெர்மோவின் பேராலயம், கோபுரங்களுக்குப் பின்னால் மஞ்சளும் நீலமுமாய்ப் பெரிய அந்தி வானம், கீழே எறும்பளவில் ஆட்கள். வரைந்தவர் அவருடைய முப்பாட்டனாம். பார்வை மங்கியிருந்தும் கோபுரங்களை எண்ணிச் சொல்வார். விடிந்ததும் அதைப் பார்த்துத்தான் சிலுவை அடையாளம் போடுவார்.

அவர் கும்பிடுகிற படமென்றால் எனக்கு அது சாமிப்படம்தான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படங்களை ஈரத்துணியால் துடைப்பது என் வேலை. அங்கேயும் மூன்று வருடம் வெள்ளி தவறாமல் அதன் கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு கிழமை, கண்ணாடி வெடித்துவிட்டதென்று அவருடைய மகன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். எனக்குத் தெரியும். இந்த அறிவுகெட்ட கைக்குத் தெரியவில்லை. ஒரே இழுப்பு. வானமும் கோபுர நுனிகளும் துணியோடு வந்துவிட்டன. சின்யோரா நல்ல நித்திரை.

விழித்தவர் வெகுநேரம் பார்த்தார். "கோபுரம் தெரியவில்லையே. என் கண் போய்விட்டது," என்றார்.

கண் இல்லை சின்யோரா, என் கை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "இப்ப வாய் திறக்காதேங்கோ," என்றாள். "அவவின்ரை மகன் கையெழுத்து வைச்சால்தானே பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கலாம்? இஞ்சை இருக்கிறதுக்கு அது வேணும். வரட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ."

"ஓம்," என்றேன். அவளில் பிழை இல்லை. எனக்கும் அந்தப் 'பிறகு' என்ற சொல்தான் தேவைப்பட்டது.

மகன் ஞாயிறுகளில் வருவான், போனைப் பார்ப்பான், போவான். கண்ணாடியும் வரவில்லை, சுவரையும் அவன் பார்க்கவில்லை. சின்யோரா கண்ணைத் திறப்பதையே விட்டுவிட்டார். "நீ பார்த்துச் சொல்லு," என்பார். நான் அந்த வெளிறிய கடதாசியைப் பார்த்து, மஞ்சள் இருக்கிறது, நீலம் இருக்கிறது, எல்லாக் கோபுரமும் இருக்கிறது என்று அடுக்குவேன். கேட்டு முடித்துத்தான் சிலுவை அடையாளம் போடுவார்.

கார்த்திகையில் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது.

"சொல்லிப்போட்டீங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"நாளைக்குச் சொல்லுறன்."

அந்த 'நாளைக்கு' மூன்று மாதம் இழுபட்டது. பயந்தாங்கொள்ளி நான், வேறென்ன.

மாசியில் ஒரு காலை அவருக்கு மூச்சு இழுத்தது. அப்போதும் வானம் எப்படியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். என் வலக்கையைத் தேடிப் பிடித்து, "உன் கண்களைக் கடவுள் காப்பாற்றட்டும்," என்றார். துடைத்ததும் அதே கைதான். அப்போதும் நான் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் அவர் போய்விட்டார்.