சென்னீர்குப்பத்து மாடி அறை

மூன்று வருடங்களுக்கு முன், பூந்தமல்லி பக்கத்தில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. சொந்த ஊர் தேனிப் பக்கம். தங்க இடம் தேடி அப்பாவும் நானும் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். கல்லூரி விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். குமணன்சாவடியில் பார்த்த பெண்கள் விடுதியில் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன்தான். கடைசியாகச் சென்னீர்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடியில் தனி அறை. பார்த்ததும் பிடித்துவிட்டது.

"காலேஜ் ஹாஸ்டலே நல்லதும்மா, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும்" என்றார் அப்பா. படிக்கத்தானே வந்திருக்கிறேன், பேசவா வந்தேன் என்று பிடிவாதம் பிடித்தேன். நான் பிடித்தால் பிடித்ததுதான், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும். அங்கே வயல் இருந்த காலத்திலிருந்தே உள்ள குடும்பம். இப்போது இருவரும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். அக்கா கொஞ்சம் கறார். வெள்ளிக்கிழமை மாடியில் முட்டைகூட அவிக்கக் கூடாது என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விடுதிப் பிள்ளைகள். முந்தின நாள் இரவு நடந்த எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வருவார்கள். எனக்கு ஒன்றும் புரியாது. அவர்களோடு கேண்டீனில் உட்கார்ந்தாலும் நான் விருந்தாளிதான். முதல் சில வாரங்களில், சனிக்கிழமை மதியம் அறைக்கு வந்தால், திங்கட்கிழமை காலை கண்டக்டரிடம் இறங்கும் இடம் சொல்லும்போதுதான் வாயைத் திறப்பேன். குரல் கரகரவென்று வரும். அம்மா போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்மா, படிக்க நிறைய இருக்கு" என்று முடித்துவிடுவேன். அழுதால் அப்பா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே.

அனாடமி படிக்க, முதலாம் ஆண்டில் சீனியர்களிடமிருந்து எலும்பு செட் வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். நிஜமான மனித எலும்புகள். அந்த அட்டைப்பெட்டி என் கட்டிலுக்கடியில் இருந்தது. எங்களுக்கு அது பாடப்புத்தகம் மாதிரி, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய சமாச்சாரம் என்றே தோன்றவில்லை. மண்டை ஓட்டைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு துளையின் பெயரையும் சத்தமாகச் சொல்லிப் படிப்பேன். நாளாக நாளாகப் பாடத்தோடு வேறு பேச்சும் சேர்ந்துகொண்டது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வாங்கிய திட்டு, யாருக்கோ கேக் வெட்டினார்கள், என்னைக் கூப்பிடவில்லை என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த அக்கா வாசலில் நின்றார்.

"இன்னா அது?"

"எலும்புக்கா. படிக்கிறதுக்கு."

"நெசமாலுமே மனுசனுதா?"

தலையாட்டினேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் தேர்வு. இப்போது வெளியே போ என்றால் எங்கே போவது? எந்த முகத்தோடு அப்பாவிடம் சொல்வது?

"வெள்ளிக்கெழம ஆனா வெளக்கேத்தி கும்புட்ற ஊடு இது. அதும் தலைக்கு மேல நீ இத வச்சிகினு கீற" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மண்டை ஓட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டெய்லி மேல பேச்சு சத்தம் கேக்கும். நீ ஃபிரண்டுங்ககூட போன்ல பேசிகினு கீறன்னு நெனச்சேன். அதான் உன்ன ஒரு வாட்டிகூட கீய கூப்டல. இதுகூடயா பேசிகினு இருந்த?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சென்னைக்கு வந்த பிறகு ஒரு மனுஷியின் முன்னால் அழுதது அன்றுதான்.

எலும்பு இருக்கும் அறைக்குள் கால்வைக்க அக்காவுக்குப் பயம். வாசலிலிருந்தே கையை நீட்டி என்னை வெளியே இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எலும்புக்கு எதனா பரிகாரம் பண்ணிக்கலாம். நீ இப்டி கெடக்கறதுக்கு இன்னா பண்றது? பரீச்ச முடியற வரிக்கும் கீய வந்து சாப்டு. அப்பால ஹாஸ்டலுக்குப் போயிடு. இந்த ரூம நான் உனக்குத் தர மாட்டேன்."

அப்பாவுக்கு அவரே போன் செய்தார். வீட்டில் எலும்பு வைத்திருப்பது ஒத்துவராது என்று மட்டும் சொன்னார். மண்டை ஓட்டோடு நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

விடுதிக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் வந்தவளுக்கு மூலைக் கட்டில்தான் கிடைத்தது. சிரிப்பில் கலந்துகொள்ளவே பல வாரம் ஆனது. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், "என்னடி ஆச்சு?" என்று கேட்க அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

வீட்டைக் காலி செய்யச் சொன்னவரை நன்றியோடு நினைக்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்; ஆனால் என்னை அந்த அறையில் இருக்கவிடாமல் அனுப்பியதுதான் இந்த ஊரில் ஒருவர் என்மீது காட்டிய முதல் பாசம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.