பின்சக்கரம் தெரியாத கார்

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பிள்ளைகளை. இன்று பேத்தி போனில் ஒரு பழைய பிரெஞ்சுக் காரைக் காட்டினாள். தகரத்தைக் கையாலேயே தட்டிச் செய்ததாம், உலகத்திலேயே ஒன்றுதானாம், பிரான்சை விட்டு வெளியே போனதே இல்லையாம்.

மலைநாட்டில், வட்டகொடையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரும் இப்படித்தான், பின்சக்கரங்கள் தெரியாமல் பாவாடை கட்டியதுபோல் நிற்கும். ஆயுத பூசையன்று, டிரைவராயிருந்த அப்பா மண்டியிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவித்தான் அந்தச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்.

"பின்னாடி சக்கரம் இருக்காப்பா?"

"பின்ன, தொரையத் தலையில வச்சா கண்டிக்குக் கொண்டு போறேன்?"

அப்பா துடைத்தது பச்சைக் கார். படத்தில் இருப்பது நீலம். ஒன்றே ஒன்றுதான் என்றால், அப்பா எதைத் துடைத்தார்? குழப்பமாக இருக்கிறது. அதனால்தான் இதையெல்லாம் அந்தப் படத்துக்குக் கீழே பேத்தியை எழுதச் சொன்னேன்.

"வாசிச்சுக் காட்டு தாயி. வட்டகொடையில நின்னுச்சுன்னு எழுதியிருக்கதானே?"