ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி

அண்ணியின் கைப்பையில் சாவிக்கொத்து, சீப்பு இவற்றோடு ஒரு சின்னப் பழுப்புப் புட்டியும் எப்போதும் கிடக்கும். உள்ளே வெள்ளைப் பொடி. வைட்டமின் 'சி'தான், வேறொன்றுமில்லை. அந்தப் பொடியால்தான் என் அண்ணன் மனைவிக்கு வேலை போனது. இப்போது அந்தப் புட்டி என் பையில் இருக்கிறது.

பெரம்பலூரை ஒட்டி, ஓசோன் இயந்திரம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேதியியல் படித்துவிட்டுச் சேர்ந்திருந்தோம். தங்கச் சுரங்கத்துக் கழிவுநீரில் சயனைடு மிஞ்சிக் கிடக்கும். அதில் ஓசோனைக் குமிழ் குமிழாக விட்டால் நஞ்சு சிதைந்துவிடும். வெளிமாநிலச் சுரங்கம் ஒன்று பீப்பாய்களில் தண்ணீர் அனுப்பி, செய்து காட்டச் சொல்லியிருந்தது. முதலாளி அந்த ஆர்டரைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். ஆனால் ஓசோன் இயந்திரம் கரண்டைக் குடிக்கும். செலவைக் குறைத்துக் காட்டுவதற்காக, பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

அப்படி நிறுத்தியும் எங்கள் சோதனையில் தண்ணீர் சுத்தமென்றே வந்தது. அண்ணி அதை நம்பவில்லை. மூடிய பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் ஓசோன், சோதனை மேசைக்கு வரும்வரை நஞ்சைத் தின்றுகொண்டே இருக்கும். திறந்த ஓடையிலோ ஓசோன் காற்றோடு போய்விடும், நஞ்சு தங்கிவிடும். தண்ணீர் பிடிக்கும்போதே பாட்டிலில் ஒரு சிட்டிகை பொடி போட்டால் ஓசோன் அங்கேயே அடங்கி, உள்ளது உள்ளபடி தெரியும். முதலாளியோ பொடியே கூடாது என்றார்.

"எந்த ஊரு ஓடைக்கோ நீ ஏம்மா மல்லுக்கு நிக்கிற?"

"அங்கயும் ஆடு மாடு தண்ணி குடிக்கும்ல சார்" என்றார் அண்ணி. குன்னத்தில் ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர் அவர்.

சுரங்கத்துக்காரர்கள் வந்த அன்று, அவர்கள் கண்ணெதிரே அண்ணி இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார். ஒன்றில் மட்டும் பொடி. கொஞ்ச நேரம் கழித்துச் சோதனை மருந்தை விட்டதும், பொடி போடாதது நிறம் மாறாமல் நின்றது. பொடி போட்டது சிவந்தது. சிவந்தால் நஞ்சு.

முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அண்ணிக்கு இல்லை. "மெஷின் நல்ல மெஷின்தாங்க. பாதியில நிறுத்தாம ஓட விடுங்க. அப்பறம் இதே பொடியப் போட்டுப் பாருங்க" என்றார்.

ஓடவிட்டார்கள். சாயங்காலம் பிடித்த தண்ணீர், பொடி போட்டும் சிவக்கவில்லை. ஆர்டர் கிடைத்தது. மறுநாள் அண்ணியை வேலைக்கு வரவேண்டாம் என்றார் முதலாளி. வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாராம். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நானும் விலகக் கிளம்பினேன். "நீயும் வந்துட்டா அங்க யாரு பொடி போடுவா?" என்று அண்ணி புட்டியை என் கையில் திணித்தார். அவர் செட்டிகுளத்தில் வெங்காயம் தரம் பிரிக்கப் போனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். படித்த படிப்புக்கு இந்த வேலையா என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம், "கண்ணு எரியத்தான் செய்யுது. ஆனா வெங்காயம் என்னைப் பொய் சொல்லச் சொல்றதில்லீங்க" என்பார்.

இன்று காலை, புதிதாக வந்திருக்கும் மேனேஜர் இயந்திரத்தைச் சீக்கிரமே நிறுத்தச் சொன்னார். "பொடியெல்லாம் வேணாம் மேடம், சும்மா பிடிங்க" என்றார்.

பழுப்புப் புட்டியைத் திறந்தேன்.

"அனுப்பணும்னா என்னையும் அனுப்பிடுங்க சார். செட்டிகுளத்துல எங்க அண்ணி பக்கத்துல எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்துப் பாட்டிலில் போட்டேன்.