பெயர் கேட்காத பலகை

எங்கள் பள்ளியின் ஹைடெக் லேப் அப்போது என் பொறுப்பில் இருந்தது. இருபது கணினிகள், ஒரு புரொஜெக்டர், மழை பெய்தால் அறுந்துபோகும் இணையம். காசில்லாமல் கிடைக்கும் வலைத்தளங்களை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும்படி தலைமையாசிரியர் என்னிடம் சொல்லியிருந்தார். எல்லாரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேதியியல் ஆசிரியை மட்டும் ஒரு நீள நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. உதட்டிலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி படர்ந்திருந்தது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் லிட்மஸ். அமிலத்தில் நிறம் மாறுகிற அந்தத் தாளைப் பற்றி அவரே பாடம் நடத்தியிருந்தார், பிள்ளைகள் அங்கிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் அறையிலும் அது புழங்கியது. அவர் வெளியே போனதும் யாராவது சொல்வார்கள், நாங்கள் சிரிப்போம். நானும்தான்.

இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்தேன். கணினித் திரையில் இருக்கும் பொத்தானை அப்படியே நோட்டில் வரைந்து, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, "இத ரெண்டு தடவ அமுக்கணும்" என்று எழுதிக்கொள்வார். மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்டும் தளம், பிள்ளைகளின் பெயரைப் போட்டுச் சுற்றிவிடும் சக்கரம், உடனுக்குடன் மதிப்பெண் காட்டும் வினாடி வினா எல்லாம் மெதுவாகக் கைக்கு வந்தன. விடியக்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில் பாதிப்பேர். முதல் மணியிலேயே தூங்கி விழுகிறவர்கள், அந்தச் சக்கரம் சுற்றும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் தேனியிலிருந்து அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வேதியியல் ஆசிரியையின் வகுப்பைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் வாசலருகே நின்றிருந்தேன்.

"நானாத் தட்டித் தட்டிப் பழகிக்கிட்டேன் சார்" என்றார் ஆசிரியை.

பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். அன்று நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு மதியம் அவரே வந்தார். வாயைத் திறந்து சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், பெயர் தெரியாமல் எழுதிக் கேட்க ஏதாவது வழி இருக்கிறதா என்று விசாரித்தார். இருந்தது. பலகை மாதிரி ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியது உடனே திரையில் வந்து ஒட்டிக்கொள்ளும். என் கணக்கிலிருந்தே ஒன்றை உருவாக்கிக் கொடுத்தேன்.

"பேரு தெரியாதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டார்.

தெரியாது என்றேன். அந்தப் பலகையில் இன்னொரு வசதியும் உண்டு. ஆசிரியர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவு திரைக்கு வரும்படி வைக்கலாம். அது ஒரு சின்ன ஸ்விட்ச். என் பாடத்துக்கு அது இல்லாமல் நான் ஒருநாளும் பலகையைத் திறந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் பதினொன்றாம் வகுப்பை லேப்புக்கு அழைத்து வந்தார். நான் கடைசி வரிசையில் என் கணினி முன் இருந்தேன். மாற்றியம் பாடத்தில் எது புரியவில்லையோ எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். முதலில் இரண்டு நல்ல கேள்விகள் வந்தன. ஒரே வாய்பாடு இருந்தும் இரண்டு பொருள் ஏன் வேறாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாவதாக ஒரே ஒரு சொல் வந்து ஒட்டியது. லிட்மஸ்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "லிட்மஸ்ல என்ன சந்தேகம்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு மளமளவென்று வந்தன. மிஸ் நீங்க ஆசிட்டா பேஸா. தொட்டா ஒட்டுமா. நீங்க நோட்டத் திருத்தினா நான் அத வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். உங்க வீட்டுக்காரர் எப்படித்தான் குடும்பம் நடத்துறார்.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றையும் படித்தார். என் விரல் மவுஸின் மேல் இருந்தது. ஒரு சொடுக்கில் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். இன்னும் ஒன்று வரட்டும், இன்னும் ஒன்று வரட்டும் என்று இருந்தேன். அன்று எனக்குள் இரக்கம் இருக்கவில்லை. வேடிக்கை பார்க்கிற குறுகுறுப்புதான் இருந்தது.

அவர் அழவில்லை. திரும்பி நின்று, முதல் கேள்விக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். சாக்பீஸ் பிடித்த அந்த விரல்களையே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் நான் எழுந்து போய், அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அழிக்காதீக. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு" என்றார்.

பலகையின் முகவரி பிள்ளைகளிடம் இருந்தது. இரவுக்குள் அது செல்போனில் படமாகி வீடு வீடாகப் போய்விட்டது. காலையில் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பழியை அவர் பிள்ளைகள் மேல் போடவில்லை. தெரியாத வேலையில் எதற்குக் கையை வைக்கிறீர்கள், பள்ளிக்கூடத்துப் பெயர் சந்தி சிரிக்கிறது என்று ஆசிரியையைத்தான் சத்தம் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, இதைத் தடுக்க வழியே இல்லையா என்று கேட்டார்.

"இருக்கு சார். ஒரு ஸ்விட்ச் இருக்கு. சொல்லித்தான் குடுத்தேன், அவுக மறந்துட்டாக போல."

இப்படி ஒரு பொய்யை இவ்வளவு சரளமாகச் சொல்வேன் என்று நானே நினைத்ததில்லை. ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாத ஒன்று அப்போதுதான் புரிந்ததுபோல் பார்த்தார்.

"ஆமா சார், மறந்துட்டேன்" என்றார்.

காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைப்பது தவறு என்று அரைமணி நேரம் பேசினார். அதுவரை அந்தப் பெயர் தெரியாமல் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அன்று தெரிந்துபோனது. ஆசிரியை மருத்துவ விடுப்பில் போனார். மாறுதல் கலந்தாய்வில் கடமலைக்குண்டு பக்கம் ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். அவருக்குப் வழியனுப்பு விழாகூட நாங்கள் நடத்தவில்லை. இருந்தால்தானே நடத்துவதற்கு என்றார் ஒருவர்.

இரண்டு வருடம் கழித்து, தேனியில் விடைத்தாள் திருத்தும் முகாமில் அவரைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நலம் விசாரித்தேன். பிறகு, அந்த ஸ்விட்ச் விஷயம் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் டீச்சர். வீட்டுக்குப் போயி நோட்டப் புரட்டிப் பாத்தேன். நீங்க சொன்ன அம்புட்டும் அதுல எழுதியிருக்கு. அந்த ஸ்விட்ச் மட்டும் இல்ல."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"நீங்க சொல்லிட்டு லேசாயிருவீக. நான் எதுக்கு உங்களுக்கு அதச் செஞ்சு குடுக்கணும்? அங்கன போயிச் சாப்பிடுங்க."

எழுந்து போனேன். இன்னும் நான்கு நாள் முகாம் நடந்தது. காலையிலும் மாலையிலும் அதே வராந்தாவில் எதிரெதிரே வந்தோம். அவர் ஒதுங்கவில்லை. தெரியாத ஒருவருக்கு வழிவிடுவதுபோல் எனக்கு வழிவிட்டு நடந்தார்.