தானாகப் போன குட் மார்னிங்

பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கும் கிழவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். நடையில் பாதிச் சுற்றுக்கே பெஞ்சைத் தேடும் ஆட்கள்தான். ஆனால் போனைக் கையில் எடுத்தால் உலகத்தையே சுற்றிவிட்டு வருவோம். “வயசான காலத்துல உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு மாமா?” என்று என் மருமகன் கேட்பார். அதைக் கேட்கும்போதும் தன் போனிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்.

எனக்கும் அந்தக் குழுமேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. விடிந்தால் ரோஜா, சூரியன், ஆவி பறக்கும் காபி, மயில்மேல் முருகன். எல்லாவற்றுக்கும் கீழே குட் மார்னிங். ஆனால் எங்களிடம் குட் மார்னிங் என்பது வணக்கம் அல்ல, வருகைப் பதிவு. அதற்குக் காரணம் ஒரு கதவு.

குழுவில் தனியாக வசிப்பவர் ஒருவர் ஒருநாள் போனை எடுக்கவில்லை. தானே பூட்டிக்கொள்ளும் கதவு. ஆள் உள்ளே இருக்கிறாரா வெளியே போனாரா என்று தெரியவில்லை. பதறிப்போய் உடைத்தோம். கட்டில் காலி. மனிதர் ஆனேக்கல்லில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு, சாயந்திரம் ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்து, கதவில்லாத தன் வீட்டு வாசலில் நின்றார். அந்தக் கொய்யாப்பழத்தைத் தின்றுகொண்டே சட்டம் இயற்றினோம். காலை நடைக்குமுன் எல்லோரும் குட் மார்னிங் போட வேண்டும். போடாதவர் வீட்டுக்கு, பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொரு கதவு உடையாமல் இருக்க, மாற்றுச்சாவியை அந்தப் பக்கத்து ஆளிடமே கொடுத்துவைக்க வேண்டும். இந்த வருகைப் பதிவுக்கு, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல, ஹாஜரி என்று பெயர் வைத்தவர் டயர் கடைக்காரர். என் சாவி போய்ச் சேர்ந்ததும் அவரிடம்தான்.

டயர் கடைக்காரர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமாக வைத்தியக் குறிப்பு அனுப்புகிறார். ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டுமே? எனக்கோ ஒரு வியாதி: பொய்யைப் பார்த்துவிட்டால் பதில் போடாமல் பல் துலக்க முடியாது. ‘முருங்கைக்கீரையை முகர்ந்து பார்த்தால் கண்ணாடி போட வேண்டியதில்லை’ என்று அவர் அனுப்புவார். ‘அப்புறம் எதற்கு சார் நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறீர்கள்?’ என்று நான் உடனே போடுவேன். மற்றவர்கள் சிரிக்கும் முகங்களாகப் போட்டுத் தள்ளுவார்கள். பிறகு பெஞ்சில் சந்திக்கும்போது அவர் என் பக்கம் திரும்பாமலே, “இவருக்கு சும்னே வாதம் பண்ணணும் குரு” என்று பாதிக் கன்னடத்தில் ஏரியிடம் முறையிடுவார்.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கோயம்புத்தூர் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தினமும் கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, புதுப்படம் தேடுவது பெரும்பாடு. ஒரே படத்தை மறுநாளும் போட்டால், “நேத்து ரோஜா இன்னிக்கு வாடிருக்கும் சார்” என்று யாராவது மானத்தை வாங்குவார்கள். சொன்ன நேரத்துக்குச் செய்தியைத் தானே அனுப்பும் ஒரு செயலியைக் கண்டுபிடித்தேன். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் படங்களை ஏற்றிவைத்தேன். வெள்ளிக்கு அம்மன், செவ்வாய்க்கு முருகன், ஞாயிறுக்குச் சிரிக்கும் குழந்தை. சோம்பேறித்தனத்துக்கு நான் எடுத்துக்கொண்ட உழைப்பு அது. அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கினேன். குழுவில் ‘சார் இப்பல்லாம் டைம்னா டைம்’ என்று பாராட்டு வேறு.

அந்த வியாழக்கிழமை, நடைக்குக் கிளம்புமுன் குளித்துவிடலாம் என்று போன நான், சோப்பு நுரையில் கால் வைத்து, குளியலறைத் தரையில் நீளமாகப் படுத்துவிட்டேன். இடது கணுக்கால் என் பேச்சைக் கேட்க மறுத்தது. ஊன்றினாலும் தவழ்ந்தாலும் உயிர் போனது. போன் சாப்பாட்டு மேசையில். வீட்டு வேலைக்கு வரும் அம்மா கல்யாணம் என்று அத்திபெலே போயிருந்தார். மனைவி கூப்பிடுவது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. கத்திப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக் குக்கர் என்னைவிட நன்றாகக் கத்தியது.

கவலைப்படாதே, ஹாஜரி இருக்கிறது, என் குட் மார்னிங்கைக் காணாமல் யாராவது வருவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்ட அந்த நிமிஷத்தில், மேசைமேலிருந்து ‘டிங்’ என்று கேட்டது.

என் குட் மார்னிங் போய்விட்டது. வியாழனுக்கு நான் ஏற்றியிருந்தது ஒரு சூரியகாந்தி: ‘துள்ளிக் குதித்து நாளைத் தொடங்குங்கள்’. பிறகு டிங், டிங் என்று பதில் வணக்கங்கள். ஒவ்வொன்றும் நான் நலம் என்பதற்கான சான்றிதழ். நான் உயிரோடும் உற்சாகத்தோடும் இருப்பதாக ஊருக்கே தெரிந்துவிட்டது. நடைக்கு வராததைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்வார்கள், இனி யாரும் வரப்போவதில்லை. ஈரத்தரையில் படுத்தபடி, சூரியகாந்தியைத் தேர்ந்தெடுத்த முட்டாளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொஞ்ச நேரத்தில் குளிரும் பயமும் சேர்ந்து அடிக்க, திட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

இன்னும் சில டிங். அப்புறம் அமைதி. வெகுநேரம் கழித்து வாசற்கதவில் சாவி திரும்பும் சத்தம்.

“யோவ் சார், உயிரோட இருக்கியா?”

டயர் கடைக்காரர். அவர் குரல் எனக்கு அவ்வளவு இனிமையாக என்றுமே கேட்டதில்லை.

“இருக்கேன். உள்ள வராதீங்க. முதல்ல கையை மட்டும் நீட்டி அந்தத் துண்டை எடுத்துப் போடுங்க.”

துண்டு வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். என் காலைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, மகனுக்குப் போன் செய்து காரைக் கொண்டுவரச் சொன்னார்.

“நான்தான் குட் மார்னிங் போட்டேனே, எப்படி வந்தீங்க?” என்றேன்.

“போட்ட, யாரு இல்லேன்னா? அதுக்கப்புறம் நான் பாகற்காய் அனுப்பினேனே.”

“என்ன பாகற்காய்?”

“தலகாணிக்கு அடியில பாகற்காய வெச்சுப் படுத்தா சக்கர எறங்கும்னு. எனக்கே கொஞ்சம் ஓவராதான் தெரிஞ்சுது. இந்நேரம் நீ என்னக் கிழிச்சிருக்கணும். பாத்தேன், பாத்தேன், ஒண்ணும் வரல. இன்னொண்ணு போட்டேன், கொட்டாவி விட்டா முடி வளரும்னு. அதுக்கும் வரல. இந்தாளு செத்தாதான் இதுக்குச் சும்மா இருப்பான்னு சாவிய எடுத்துனு ஓடியாந்தேன்.”

அவர் மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. ஏரியைச் சுற்றும்போதுகூட அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

கணுக்காலில் விரிசல், மாவுக்கட்டு. செயலி விஷயத்தை மனைவியிடம் ராத்திரி சொன்னபோது, “மெஷின விட்டு குட் மார்னிங் சொன்னீங்கல்ல, மெஷினே வந்து தூக்கியிருக்கும்” என்றாள். மறுநாள் மாலை ரயிலைவிட்டு இறங்கியிருந்தாள்.

குழு கூடி என் சூரியகாந்தியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எனக்கு மட்டும் தனிச்சட்டம்: டயர் கடைக்காரர் தினமும் ஒரு பொய் அனுப்புவார், நான் மறுக்க வேண்டும், அதுதான் என் ஹாஜரி. மனிதர் சிரத்தையாகத் தயாரித்து அனுப்புகிறார். நானும் கண்ணாடியைத் தேடி எடுத்து, சிரத்தையாகக் கிழிக்கிறேன்.

இன்று காலை அவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ‘தினமும் நடப்பது உடம்புக்கு நல்லது’ என்று அனுப்பியிருந்தார். கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதற்காகச் சும்மா இருந்தால் மனிதர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்.

‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று போட்டேன்.

‘சரி, ஹாஜர்’ என்று பதில் வந்தது.